மதினிக்கு அடிக்காத மணி

எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை அடிக்கடி வெளியே தள்ளுவார்கள். தள்ளுகிறவன் என் சித்தப்பா மகன். கோபம் தணிந்ததும் திரும்பச் சேர்த்துக்கொள்கிறவனும் அவன்தான். குற்றமெல்லாம் என் வாய்மேல். விடிந்ததும் வந்து விழும் ரோஜாப்பூக் காலை வணக்கங்களைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் தின்ற தட்டைக் கழுவி வைக்காத மனிதர் மகளிர் தினத்தன்று 'பெண்ணே நீ தெய்வம்' என்று விளக்கு எரிகிற படத்தை அனுப்பினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். 'என் வீட்டுக்காரி சும்மாதான் இருக்கா' என்று ஒருத்தர் எழுதினார். அந்த அம்மாள் இரண்டு மாட்டையும் படுத்துக் கிடக்கும் மாமியாரையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறாள். 'வீட்டு வேலையில் அவளுக்கு உதவி செய்வேன்' என்று இன்னொருவர் பெருமைப்பட்டபோது, அது யார் வீடு, நீங்கள் விருந்தாளியா என்று கேட்டுவிட்டேன். அன்றைக்கும் தள்ளிவிட்டார்கள்.

இதெல்லாம் சண்டை போடக்கூடிய வார்த்தைகள். சண்டை போட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டு, மறுநாள் சிரித்துவிடலாம். ஒரே ஒரு வார்த்தையிடம் மட்டும் என்னால் வாயைத் திறக்க முடிவதில்லை. அதைப் பார்த்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன்.

'ஓடிப்போயிட்டா.'

ஆம்பளை வீட்டை விட்டுப் போனால் அவனுக்கு எத்தனை வார்த்தை வைத்திருக்கிறோம் பாருங்கள். கோவித்துக்கொண்டு போனான், பிழைக்கப் போனான், விரக்தியில் போனான், மனசு சரியில்லாமல் எங்கேயோ போய்விட்டான். ஒவ்வொன்றிலும் ஒரு 'பாவம்' ஒட்டிக்கொண்டிருக்கும். பொம்பளை காணாமல் போனால் ஒரே வார்த்தை. அந்த ஒரு வார்த்தையால்தான் எங்கள் மதினியை அன்றிரவு யாரும் தேடவில்லை.

மதினி என்றால் என் அண்ணன் பெண்டாட்டி. சாந்தன்பாறைக்குக் கீழே ஒரு ஏலத்தோட்டத்தில் எங்கள் லயம். ஒட்டி ஒட்டி ஒரே கூரைக்குக் கீழே தோட்டத்து வீடுகள். நான் பிறந்ததும் அங்கேதான். என்னைக் குமுளியில் கட்டிக்கொடுத்தார்கள். இப்போதும் அங்கே ஒரு மசாலாக் கடையில் சுற்றுலாக்காரர்களுக்கு ஏலக்காயும் மிளகும் நிறுத்துக் கொடுக்கிறேன். மதினி கம்பத்திலிருந்து மலையேறி வந்தவள். வந்த புதிதில் குளிர் தாங்காமல் அடுப்பை விட்டு நகர மாட்டாள். அப்புறம் காய் எடுப்பில் அவளை மிஞ்ச ஆளில்லை என்றானது. செடியின் அடியில் குந்தி உட்கார்ந்து, பேசிக்கொண்டே, பார்க்காமலே பழுத்த காயை மட்டும் கிள்ளுவாள். சிரிப்பு மட்டும் கொஞ்சம் சத்தம் அதிகம். 'பொம்பளச் சிரிப்பா இது' என்று அம்மா வைவாள். வைதுகொண்டே அம்மாவும் சிரித்துவிடுவாள்.

சீட்டுப் போட்டு மதினி ஒரு போன் வாங்கினாள். லயத்துப் பெண்கள் போன் வாங்கினால் வாட்ஸ்அப்பில் படம் வைப்பதற்கு ஒரு முறை உண்டு. யாரும் சொல்லித்தந்தது இல்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். பூ வைக்கலாம், வேளாங்கண்ணி மாதா வைக்கலாம், பிள்ளைகள் படம் வைக்கலாம், புருஷன் படம் வைத்தால் இன்னும் நல்லது. சொந்த முகத்தை வைக்கக் கூடாது. லயத்துக் குழுவைத் திறந்தால் ஆம்பளைகள் பைக்கில் சாய்ந்து நிற்பார்கள், பெண்கள் எல்லாரும் செம்பருத்தியாக இருப்பார்கள். மதினியும் கொஞ்ச நாள் செம்பருத்தியாகத்தான் இருந்தாள்.

பிறகு ஒரு நாள் காட்டில் யாரோ எடுத்த படத்தை வைத்தாள். தலையிலிருந்து முழங்கால் வரைக்கும் மழைக்குப் போர்த்துகிற பிளாஸ்டிக் தாள், இடுப்பில் காய்க்கூடை, கன்னத்தில் சேறு, வாய் நிறைய அந்தச் சிரிப்பு. எனக்குப் பார்த்ததும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. லயத்துக் குழுவில் ஒருத்தர் கிரீடம் போட்டார், ஒருத்தர் 'ஹீரோயின்' என்று எழுதினார், ஒருத்தர் 'யாருக்காகவோ' என்று எழுதிக் கண்ணடிக்கிற பொம்மையைப் போட்டார். அந்தக் கடைசி ஆள்தான் அண்ணன் மனசில் நெருப்பை வைத்தவர். சாயங்காலம் வீட்டில் பெரிய சத்தம். படத்தை எடுக்கச் சொல்லி அண்ணன் கத்தியிருக்கிறான். மதினி எடுக்கவில்லை. என் மூஞ்சி எனக்கு, இதில் யாருக்கு என்ன வந்தது என்றாளாம். அம்மா போனில் சொன்னபோது நான் மதினி பக்கம்தான் பேசினேன்.

அடுத்த நாள் விடாத மழை. காய் எடுப்பு முடிந்து எல்லாரும் கூடையை இறக்கினார்கள். மதினி மட்டும், ஓடைக்கு அந்தப் பக்கம் வெட்டிப்போட்ட விறகை நனையாமல் மூடிவிட்டு வருகிறேன் என்று கூட வந்தவளிடம் சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கிறாள். அங்கே குறுக்கே போட்ட மரம்தான் பாலம். மழைக்காலத்தில் தண்ணீர் அதைத் தொட்டுக்கொண்டு ஓடும். விளக்கு வைக்கிற நேரமாகியும் மதினி வரவில்லை.

எங்கள் தோட்டத்தில் இதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. காலையில் ஆளெடுக்கிற பெரட்டுக் களத்தில், பலா மரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். அதைத்தான் மணி என்போம். வேலைக்கு என்றால் தொடர்ச்சியாக அடிப்பார்கள். விட்டு விட்டு அடித்தால் ஆளைக் காணோம் என்று அர்த்தம். அதைக் கேட்டால் சோற்றில் கை வைத்தவனும் எழுந்துவிடுவான். டார்ச்சும் கத்தியுமாக எல்லாரும் காட்டில் இறங்குவார்கள். ஒருத்தர் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். உடனே மொத்தப் பேரும் நின்றுவிடுவார்கள். காலடிச் சத்தம்கூடக் கேட்காது. பதில் வருகிறதா என்று அப்படியே நின்று கேட்டுவிட்டு, அப்புறம்தான் அடுத்த அடி. ஒரு தரம், குடித்துவிட்டுக் காய் உலர்த்துகிற ஸ்டோருக்குள் சூடாகப் படுத்துத் தூங்கிவிட்ட ஆளைத் தேடி லயமே மழையில் காட்டைச் சுற்றியது. அந்த ஆளுக்கு ஒன்றுமில்லை, தேடினவர்களுக்குத்தான் காய்ச்சல் வந்தது. இன்றைக்கும் சொல்லிச் சிரிப்போம்.

ஆனால் அந்த மணியை நினைத்தவர் எல்லாம் போய் அடித்துவிட முடியாது. காணாமல் போன ஆளின் வீட்டு ஆம்பளை பெரட்டுக் களத்துக்குப் போய்க் கேட்க வேண்டும். அதுதான் முறை.

அம்மா அண்ணனைக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அண்ணனும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பத்தான் செய்தான். அந்த நேரம் பார்த்து லயத்துக் குழுவில் ஒரு குரல் செய்தி வந்து விழுந்தது. 'யாருக்காகவோ' என்று கண்ணடித்த அதே ஆள்.

"தேடி அலைய வேணாம்ப்பா. அது ஓடிப்போயிருச்சு. போட்டோ மாத்துனப்பவே நான் நெனச்சேன்."

அதை அண்ணன் வாசலில் நின்று கேட்டான். பக்கத்து வீட்டிலும் அதே குரல் கேட்டது, அதற்கடுத்த வீட்டிலும் கேட்டது. லயத்தில் சுவர்கள் மெல்லிசு. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் ஒவ்வொரு வீடாக அந்தக் குரல் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே போனது என்று அம்மா சொன்னாள். அண்ணன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

"மணியடிச்சு ஊரக் கூட்டி என்னன்னு சொல்லச் சொல்ற? பொண்டாட்டியக் காணோம், தேடித் தாங்கன்னா?"

அவ்வளவுதான் அவன் சொன்னது. குடிகாரனைத் தேடினால் மானம் போகாது. பெண்டாட்டியைத் தேடினால் போய்விடும்.

மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்து நான் போய்ச் சேர்ந்தபோது உச்சி வேளை. நானும் அம்மாவும் கூட வேலை செய்கிற சில பெண்களும் ஓடையோரம் போய்ப் பார்த்தோம். பாலமாகப் போட்டிருந்த மரமே இல்லை, வெள்ளம் கொண்டுபோயிருந்தது. அந்தப் பக்கம் விறகு பாதி மூடியும் மூடாமலும் கிடந்தது. லயத்து ஆட்களைக் கூப்பிட்டு நான் அதைக் காட்டினேன். விறகை மூட வந்தவள் ஏன் ஓடப்போகிறாள் என்று கேட்டேன். பாதியில் விட்டுட்டுப் போயிருக்காளே, யாரோ வந்து கூப்பிட்டிருக்கான் பாருங்கள் என்றார்கள். ஒரே விறகு. அவர்களுக்கு அப்படித் தெரிந்தது. போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தோம். போன் அணைந்திருக்கிறது என்றார்கள். கீழே ஆறு, அணை என்று அவர்களும் ஏதோ தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. ஆதார் அட்டையையும் போனையும் மதினி எப்போதும் ஒரே பிளாஸ்டிக் கவரில் போட்டு ஜாக்கெட்டுக்குள் வைத்திருப்பாள். அட்டையும் வீட்டில் இல்லை என்றதும் லயத்தில் முடிவே கட்டிவிட்டார்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் தெரியாது. தண்ணீரில் போனாளா, தானாகப் போனாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. திருப்பூரில் பார்த்தேன் என்று ஒருத்தர் வந்து சொல்வார். ஆறு மாதம் கழித்து, தேனி சந்தையில் வெங்காயம் வாங்கிக்கொண்டிருந்தாள் என்பார் இன்னொருத்தர். கம்பத்திலிருந்து காய் எடுக்கிற பெண்களை ஏற்றிக்கொண்டு காலையில் ஜீப்புகள் குமுளிக்கு ஏறி வரும். பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். எல்லா ஜீப்பும் கடந்து போகிறவரைக்கும் நான் கடைக்கதவைத் திறக்க மாட்டேன். ஒவ்வொரு முகமாகப் பார்ப்பேன். யாராவது சத்தமாகச் சிரித்தால் ஜீப்புக்குப் பின்னாலேயே நாலு எட்டு நடந்துவிடுவேன்.

அண்ணன் அதன் பிறகு யாரிடமும் அதிகம் பேசவில்லை. 'பொண்டாட்டி ஓடிப்போனவன்' என்று அவனுக்குப் பேராகிவிட்டது. வேலைக்குப் போவான், வருவான். வீட்டின் பின்கதவை மட்டும் அவன் தாழ் போடுவதில்லை. மதினி காட்டிலிருந்து வந்தால் சேற்றுக் காலோடு அந்த வழியாகத்தான் வருவாள். ஏன் தாழ் போடவில்லை என்று யாரும் கேட்கவும் இல்லை, அவன் சொல்லவும் இல்லை. அவன்மேல் எனக்கு இருந்த கோபத்தை அந்தக் கதவு கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது.

அவர்களுக்கு ஒரே மகள். அப்போது எட்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பேசினது தாங்காமல் அவளை நான் குமுளிக்குக் கூட்டி வந்துவிட்டேன். என்னை அத்தை என்று கூப்பிடுவாள், அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டாள். கல்லறைத் திருநாளன்று எல்லாரும் அவரவர் சொந்தக்காரர்களின் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றுவார்களே, அன்றைக்கு இவளும் ஒரு திரியை வாங்கிக்கொண்டு வருவாள். கையிலேயே வைத்துக்கொண்டு சுற்றிவிட்டு, ஏற்றாமல் திரும்பக் கொண்டுவந்து மேசை டிராயரில் போடுவாள். ஏற்றினால் அம்மா செத்துவிட்டாள் என்று ஆகிவிடும். ஏற்றாவிட்டால் தன்னை விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று ஆகிவிடும். அந்தப் பிள்ளை எதற்குத்தான் ஆசைப்படும், சொல்லுங்கள்.

அவள் அம்மாவின் நம்பருக்குக் குரல் செய்திகள் அனுப்பிக்கொண்டிருந்தது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. பரீட்சை முடிந்தது, காய்ச்சல் வந்தது, புதுச் சுடிதார் எடுத்தது எல்லாம் சொல்லியிருக்கிறாள். எல்லாவற்றுக்கும் ஒற்றை டிக்தான். போய்ச் சேர்ந்ததில்லை. ஒரு நாள் மத்தியானம் கடைக்கு ஓடி வந்தாள். செருப்பில்லை. போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். கடைசியாக அனுப்பின செய்திக்கு இரண்டு டிக் வந்து, நீலமாகியிருந்தது. கேட்டிருக்கிறாள் அத்தை, கேட்டுவிட்டாள் என்றாள். கடையில் வாங்க வந்தவர்களை அப்படியே விட்டுவிட்டு இரண்டு பேரும் மூட்டைமேல் உட்கார்ந்து அந்தப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். யாரோ டைப் செய்கிறார்கள் என்று காட்டியது. நின்றது. மறுபடியும் காட்டியது. பிறகு ஒரு குரல் வந்தது. யாரோ ஒரு பையன், மலையாளத்தில், ரொம்பத் தயங்கித் தயங்கிப் பேசினான். இந்த சிம் தனக்குப் புதிதாகக் கிடைத்தது, ஆள் மாறிப்போச்சு சேச்சி, மன்னிக்கணும் என்றான். அவன் குரலில் இருந்த இரக்கத்தைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை. அன்றைக்குப் பிறகு அவள் அந்த நம்பருக்கு எதுவும் அனுப்பவில்லை.

இப்போது அவளுக்குக் கல்யாணம். பையனுக்குத் தேவிகுளம் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் வேலை, நல்ல பிள்ளை. எங்கள் மாதா கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் பிறந்த மகளை இன்னாருக்குக் கொடுக்கிறோம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று சபைக்கு அறிவிப்பது. தாய் தகப்பனில் யாராவது இறந்திருந்தால் பேருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று சேர்த்து வாசிப்பார்கள். அண்ணன் மகளும் நானும் போயிருந்த அன்று, கோயிலில் ஓலை எழுதுகிற உபதேசியார் லயத்து வீட்டுக்கு வந்து, பெண்ணின் அம்மா பேருக்கு முன்னால் அதைப் போடலாமா என்று மெதுவாகக் கேட்டார்.

மாப்பிள்ளை வீட்டார் போட்டுவிடுங்கள் என்றார்கள். அவர்களுக்கு அது கௌரவம். போடாவிட்டால், அப்படியானால் அந்த அம்மாள் எங்கே என்று சபையில் திரும்பிப் பார்ப்பார்கள். என் சித்தப்பா மகன், அம்மா பேரையே விட்டுவிட்டுத் தகப்பன் பேரை மட்டும் வாசித்தால் என்ன என்றான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவன் தப்பித்ததே பெரிது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். எல்லாரும் பேசி ஓய்ந்த பிறகு அந்தப் பெண் வாயைத் திறந்தாள்.

"செத்துட்டாங்கன்னு நீங்க சொல்றீங்க. ஓடிட்டாங்கன்னு லயத்துல சொல்றாங்க. எனக்கு ரெண்டும் தெரியாது. எங்கம்மாவ அன்னிக்கு யாரும் தேடல, அது ஒண்ணுதான் எனக்குத் தெரியும். தேடிட்டு வந்து சொல்லுங்க, எந்த வார்த்தையப் போடணும்னு."

அண்ணன் எழுந்தான். ஆணியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டான். எங்கே போகிறான் என்று எங்களுக்குப் புரிவதற்குள் கீழே மணி கேட்டது. விட்டு விட்டு அடித்தது.

வேலை விட்டு ஆட்கள் திரும்பியிருந்த சாயங்காலம். இன்றைக்கு லயத்தில் பாதிப் பேர் அஸ்ஸாம், ஜார்க்கண்ட் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கு எங்கள் பழைய கதை எதுவும் தெரியாது, ஆனால் மணியின் அர்த்தம் தெரிந்திருந்தது. அவர்கள்தான் முதலில் டார்ச்சோடு ஓடி வந்தார்கள். யாரைக் காணோம் என்று அவர்களுக்குத் தெரிந்த மலையாளத்தில் கேட்டார்கள். என் பெண்டாட்டியைக் காணோம் என்று அண்ணன் சொன்னான். வருஷக்கணக்காகக் காணோம் என்றும் சொன்னான். நான் பயந்தேன், சிரிப்பார்களோ என்று. ஒருத்தரும் சிரிக்கவில்லை. பழைய ஆட்களும் ஒவ்வொருத்தராக இறங்கி வந்தார்கள். அன்றைக்குக் குரல் அனுப்பின ஆளும் வந்தார். இப்போது கால் சரியில்லை, கம்பு ஊன்றி வந்து ஓடைக்கரையில் நின்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. என் மனசு அவ்வளவு பெரிசு இல்லை.

மழை இல்லை. ஓடை கணுக்காலளவுதான் ஓடியது. எல்லாரும் கரையோடு இறங்கினார்கள். பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டிய இடம் வந்தது. யாருக்கும் வாய் வரவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அங்கே நின்ற ஆம்பளைகளில் பாதிப் பேருக்கு மதினியின் பேரே தெரியாது. அவர்களுக்கு அவள் எப்போதும் இன்னான் பெண்டாட்டி. அண்ணன்கூட அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. 'இந்தா' என்பான், 'ஏ புள்ள' என்பான்.

அண்ணன் தண்ணீருக்குள் இறங்கி நின்றுகொண்டு அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். முதல் தடவை குரல் பிசிறியது. இரண்டாவது தடவை மலையில் மோதித் திரும்பி வந்தது. எல்லாரும் நின்றோம். டார்ச்சுகள் அசையவில்லை. கைக்குழந்தை வைத்திருந்த ஜார்க்கண்ட் பெண் குழந்தையின் வாயை மெதுவாகப் பொத்திக்கொண்டாள். அண்ணன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர்ச் சத்தத்துக்கு அப்பால் காதைக் கொடுத்து நின்றாள். அவ்வளவு நேரம், அவ்வளவு பேர், ஒரு பொம்பளையின் பதிலுக்காகப் பேசாமல் நின்றதை நான் என் ஆயுசில் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஓடை ஆற்றில் சேர்கிற இடம் வரைக்கும் கூப்பிட்டுக்கொண்டே போனோம். அங்கே அண்ணன் மகள், கூடவே வந்திருந்த உபதேசியாரைத் திரும்பிப் பார்த்தாள்.

"இப்பப் போட்டுக்குங்க."

அடுத்த ஞாயிறு பூசையில் 'காலஞ்சென்ற' என்று சொல்லி மதினியின் பேரை வாசித்தார்கள். சபையில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணன் மகள் டிராயரிலிருந்த திரிகளையெல்லாம் கொண்டுவந்து கல் குகையாகக் கட்டிய மாதா கெபியில் ஏற்றினாள். நான் அழுது முடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அன்று சாயங்காலம் லயத்தில் காற்று பலமாக அடித்தது. பின்கதவு படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. இனிமேல் என்ன இருக்கிறது என்று நான் எழுந்துபோய்த் தாழ்ப்பாளில் கையை வைத்தேன். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருந்த அண்ணன் மகள்தான் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"கெடக்கட்டும் அத்த. போடாதீங்க."